ரெனே: ஓர் 'ஈ' கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறோம். அடுத்த மாதம் பெண் குழந்தை பிறக்கப் போகிறது. காலமான என் அம்மாவின் நினைவாக, 'மறுபடி பிறந்தவள்' என்று பொருள்படும் 'ரெனே' என்ற பெயரை வைக்க ஆசை. அது ஆண் பெயர் என்கிறார் உறவினர். எண் கணிதம் பார்ப்பவரோ கூட்டுத்தொகை 22, அதாவது 4 வருகிறது, கடைசியில் இன்னொரு 'ஈ' (ஆங்கில எழுத்து E) சேர்த்து 27 ஆக்குங்கள் என்கிறார். என்ன செய்வது?

பதில்: தாராளமாக வையுங்கள். லத்தீன் மொழியில் 'ரெ' என்றால் மறுபடி, 'நாட்டுஸ்' என்றால் பிறந்தவர். ஞானஸ்நானத்தால் புதுப்பிறவி எடுப்பதைக் குறிக்கக் கிறிஸ்தவர்கள் வைத்த பெயர் இது. பாட்டியே பேத்தியாக வந்தாள் என்ற நம் நம்பிக்கை அதில் இல்லை. நீங்கள் அப்படி நினைத்து வைப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. 12ஆம் லூயி மன்னரின் மகளுக்கு 1510லேயே இந்தப் பெயர். இன்று பிரெஞ்சுக்காரர் காதுக்கு இது பாட்டி காலத்துப் பெயர். அதில் குறை ஒன்றும் இல்லை.

உறவினர் குழம்பியதற்குக் காரணம் உண்டு. தத்துவஞானி தெகார்த்தின் பெயரும் ரெனேதான், உச்சரிப்பும் அதேதான். ஆண் பெயர்: ஆர், ஈ, என், ஈ. பெண் பெயர்: ஆர், ஈ, என், ஈ, ஈ. கடைசி 'ஈ' ஒலிக்காது, அதுதான் பெண் என்று காட்டுகிறது. அதற்கு முந்தைய 'ஈ'யின் தலையில் வலப்பக்கம் ஏறும் கோடு வேண்டும். பெரிய எழுத்தில் எழுதினாலும் கோடு போடுங்கள்.

எண் கணிதக்காரர் சொல்லும் நான்காவது 'ஈ'யைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். பிரெஞ்சில் அப்படி ஒரு பெயர் கிடையாது. பள்ளி, வங்கி, மருத்துவக் காப்பீடு என்று தட்டச்சு செய்பவர் ஒவ்வொருவரும் பிழை என்று நினைத்து ஓர் எழுத்தை நீக்குவார். பிறகு ஒரு தாளில் ஐந்தெழுத்து, மறு தாளில் ஆறெழுத்து. வாங்கிய காசுக்கு ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டு அவர் போய்விடுவார், அலைவது குழந்தை.

அந்தக் கூடுதல் எழுத்தை மெரியில் (நகராட்சி அலுவலகம்) தடுத்துவிடுவார்கள் என்றும் நம்ப வேண்டாம். 1803ஆம் ஆண்டுச் சட்டம் நாட்காட்டிப் பெயர்களையும் பழைய வரலாற்றுப் பெயர்களையும்தான் அனுமதித்தது. 1993 முதல் பெற்றோர் விருப்பம். அதிகாரி முதலில் பதிவு செய்துவிடுவார். குழந்தைக்குக் கேடு என்று தோன்றினால் மட்டுமே அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிப்பார். எழுத்துப்பிழையோடு கேட்டால் பிழையோடேயே பதிவாகும். பிறகு திருத்த நினைத்தால் 'நியாயமான காரணம்' என்ன என்று கேட்டு உங்களிடமே ஆதாரம் கேட்பார்கள். ஓர் எழுத்துக்காக ஒரு குடும்பத்தை இப்படி நடக்க வைப்பது அநியாயம், ஆனால் நடைமுறை அதுதான்.

குழந்தை பிறந்த ஊரின் மெரியில் 5 நாளுக்குள் பதிய வேண்டும். பிறந்த நாள் கணக்கில் வராது. கடைசி நாள் விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள். தவறினால் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். மருத்துவமனை தரும் பிரசவச் சான்று, பெற்றோர் அடையாள அட்டைகள், முகவரிச் சான்று, குடும்பப் பதிவேடு இருந்தால் அதுவும் எடுத்துச் செல்லுங்கள். அம்மாவின் பெயரையும் இரண்டாவதாகச் சேர்ப்பதானால் நடுவில் காற்புள்ளி கேளுங்கள். இணைப்புக்கோடு போட்டால் இரண்டும் ஒரே பெயராகிவிடும்.

கோடு இல்லாத ஓரிடம் பிழையல்ல. பாஸ்போர்ட்டின் அடியில் எந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் கோடே வராது. நாளை இந்தியத் தாள்கள் எடுத்தால் அவற்றிலும் ஆங்கில எழுத்துதான். 'கோட்டைக் காணோம், திருத்தித் தருகிறேன்' என்று ஒருவர் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கோடு போனாலும் இரண்டு 'ஈ'யும் சேர்ந்து நிற்கிறதா என்று மட்டும் எண்ணுங்கள். ஒன்றுதான் இருந்தால் அது நிஜமான பிழை, உடனே முறையிடுங்கள்.

பதிவுக்குக் கட்டணம் இல்லை. பிறப்புச் சான்றின் நகலும் இலவசம். அரசுத் தளம் போலவே தோன்றி அட்டை எண் கேட்கும் தனியார் தளங்களை மூடிவிடுங்கள். மெரியில் அச்சிட்ட தாளைக் கையில் தந்ததும் பெயர் வரியை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். ஆர், ஈ, என், கோட்டோடு ஈ, கோடில்லாமல் ஈ. சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.