பாராகார்ட் கைப்பட்டை: கேட்டதும் சொன்னதும்

மேலகிரி, வத்தல்மலை என்று காடு மலை சுத்துற பசங்க கையில இப்போ பாராகார்ட் (பாராசூட்டுக் கயிறு) பட்டை சகஜமாயிடுச்சு. அதை வீட்டிலேயே பின்னுறது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

பாலக்கோடு, கல்லூரி மாணவி: அண்ணா, கடையில கேட்டா பந்தல் கட்டுற நைலான் கயிறைக் காட்டுறாங்க. ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லைம்மா. 550 பாராகார்ட்னு கேளுங்க. 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ இழுவை தாங்கும்னு அர்த்தம். தடிமன் 4 மில்லிமீட்டர் அளவு. வாங்கும் முன்னாடி ஒரு முனையில மேலுறையைப் பின்னால தள்ளிப் பாருங்க. உள்ளே தனித்தனியா ஏழு இழை, ஒவ்வொண்ணும் மெல்லிய நூல்களை முறுக்கினதா இருக்கணும். பொசுபொசுன்னு ஒரே பஞ்சுக் கற்றையா வந்தா அது அழகுக்கு மட்டும்தான். இரண்டாம் உலகப் போர்ல பாராசூட்டுக்குப் போன கயிறு இது. அதுக்கு மதிப்பே அந்த உள்ளிழைதான்: பிரிச்செடுத்தா தையல் நூல், தூண்டில் நூல் எல்லாம் ஆகும்.

பர்கூர்: எவ்வளவு நீளம் வாங்கணும்?

பட்டை ஒரு அங்குலம் வளர ஏறக்குறைய ஒரு அடி கயிறு போகும். மணிக்கட்டு 7 அங்குலம்னா, நடுவுல ஓடுற ரெண்டு இழையையும் சேர்த்து 10 அடி வெச்சுக்கங்க. நைலான் நனைஞ்சா கொஞ்சம் சுருங்கும். முதல்லயே தண்ணியில ஊறவெச்சு, உலர்த்திட்டு அளங்க. பட்டைக்கும் கைக்கும் நடுவுல ஒரு விரல் நுழையணும்.

தேன்கனிக்கோட்டை: நான் பின்னினா பட்டை திருகாணி மாதிரி சுத்திக்குது. ஏன்?

ஒரே பக்கத்திலிருந்து முடிச்சுப் போடுறீங்க, அதான். கயிறை ரெண்டா மடிச்சு, மடிப்பை பக்கிளோட ஒரு பாதியில சுருக்கு மாட்டி, ரெண்டு முனையையும் அடுத்த பாதிக்குள்ள விட்டுத் திருப்பிக் கொண்டு வந்திருப்பீங்க. இப்போ இடது கயிறை நடு இழைகளுக்கு மேலே போடுங்க. வலது கயிறு அந்த இடது கயிறோட முனைக்கு மேலே வந்து, நடு இழைகளுக்கு அடியில நுழைஞ்சு, இடது வளையத்துக்குள்ளே மேலே ஏறணும். இழுங்க. அடுத்த முடிச்சு வலது கயிறுல ஆரம்பிக்கணும். எந்தப் பக்கம்னு மறந்துட்டா ஓரத்துல தெரியுற மேட்டைப் பாருங்க: கடைசி மேடு இடப்பக்கம் இருந்தா அடுத்த முடிச்சை இடது கயிறுல ஆரம்பிங்க. எல்லா முடிச்சையும் ஒரே இறுக்கத்துல இழுங்க, இல்லேன்னா பட்டை நடுவுல உப்பிக்கும்.

முடிச்சதும் முனையைக் கொஞ்சம் விட்டு வெட்டி, லைட்டர்ல உருக்கி, கரண்டிப் பின்பக்கத்தால அமுக்குங்க. விரலால தொட்டா உருகின நைலான் தோலோட ஒட்டிக்கும். சின்னப் பசங்கன்னா இதைப் பெரியவங்க செய்யட்டும்.

அஞ்செட்டி: காட்டுல பாம்பு கடிச்சா இதைப் பிரிச்சு இறுக்கிக் கட்டலாமா?

கூடவே கூடாது. நம்ம ஊர்ல கடிவாய்க்கு மேலே கயிறு கட்டுற பழக்கம் இன்னும் போகலை. இறுக்கிக் கட்டினா ரத்த ஓட்டம் நின்னு கை காலே அழுகிப் போகலாம், அதுவும் இவ்வளவு மெல்லிசுக் கயிறு சதையில வெட்டி இறங்கும். கடிச்சது கையிலன்னா முதல்ல இந்தப் பட்டையையே கழட்டுங்க, மோதிரம், வளையலையும்தான். வீக்கம் ஏறினா எடுக்க முடியாது. கீறுறது, வாய் வெச்சு உறிஞ்சுறது ரெண்டும் வேண்டாம். அசையாம வெச்சு 108-க்குக் கூப்பிடுங்க. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், ஆஸ்பத்திரி போனா போதும். கயிறுக்கு இங்கே வேலை இருக்குன்னா அது ஒண்ணுதான்: குச்சி வெச்சு கையை அசையாம தளர்வாக் கட்டுறது.

ஓசூர், லேத் ஆபரேட்டர்: வேலை நேரத்திலயும் போட்டுக்கலாமா?

கழட்டி லாக்கர்ல வெச்சுடுங்க தம்பி. சுத்துற மெஷின்ல மாட்டினா கயிறு அறாது, கைதான் போகும்.

ராயக்கோட்டை: கோட்டைப் பாறையில இதைப் பிடிச்சு இறங்கலாமா? 250 கிலோ தாங்குமே?

அது புதுக் கயிறை நேரா, மெதுவா இழுக்குற கணக்கு. முடிச்சு விழுந்தா பலம் குறையும், ஆள் வழுக்கி விழுந்தா வர்ற அதிர்ச்சி உடம்பு எடையைப் போலப் பல மடங்கு. டென்ட் கட்டலாம், அறுந்த பை வாரைக் கட்டலாம், ஷூ லேஸா மாட்டலாம். ஆள் தொங்குறதுக்குன்னா மலையேறும் கயிறுதான்.

காரிமங்கலம்: வியர்வை நாத்தம் அடிக்குது.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சு, நிழல்ல உலர்த்துங்க. வெயில் நைலானை நாளடைவுல பலவீனமாக்கும்.