ஹாலோவீனும் மாமியாரும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் மெல்பர்னில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. இங்கே வந்த புதிதில் ஹாலோவீன் அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. இப்போது செப்டம்பர் முடிவதற்குள் கடைகளில் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள் தொங்க ஆரம்பித்துவிடுகின்றன. சென்ற ஆண்டு பிள்ளைகள் அழுது அடம்பிடித்ததால் முதல்முறையாக எங்கள் தெருவில், வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும் 'ட்ரிக் ஆர் ட்ரீட்' கூட்டிக்கொண்டு போனேன். சில வீடுகளில் சிரித்த முகத்தோடு மிட்டாய் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் வயதானவர் ஒருவர் கதவைத் திறந்து, "இது அமெரிக்கா இல்லை" என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டார். வீடு வரும்வரை மகள் பேசவே இல்லை. மகனோ எதையும் கண்டுகொள்ளாமல் வாளியை நீட்டிக்கொண்டே போனான், கொடுத்தவர்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு இரண்டுமே சங்கடமாக இருந்தது.

இந்த முறை தூத்துக்குடியிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். நாங்கள் கத்தோலிக்கர்கள். "நவம்பர் ரெண்டு கல்லறைத் திருநாள். செத்தவங்களுக்கு மெழுகுவர்த்தி கொளுத்துற நேரத்துல எலும்புக்கூட்டு வேஷங்கட்டிப் பிள்ளைகளைப் பிச்சை எடுக்க அனுப்புதியே, நல்லாவா இருக்கு?" என்கிறார். மிட்டாயில் யாராவது எதையாவது கலந்துவிடுவார்கள் என்பது கணவரின் பயம். வகுப்பே கிளம்பும்போது என் பிள்ளைகளை மட்டும் நிறுத்திவைக்கவும் மனம் வரவில்லை. அனுப்பலாமா?

ஆர்., மெல்பர்ன்

*

அன்புள்ள ஆர்.,

அனுப்புங்கள். அதற்காக சென்ற ஆண்டு உங்களுக்கு வந்த சங்கடத்தை உதறிவிட வேண்டாம், அது சரியான இடத்தில்தான் உறுத்தியிருக்கிறது.

உங்கள் மாமியார் சொன்ன கல்லறைத் திருநாளிலிருந்தே தொடங்குகிறேன். நவம்பர் 2ஐ இறந்த ஆன்மாக்களுக்கான நாளாக வைத்தவர் பிரான்சின் க்ளூனி மடத்துத் தலைவராக இருந்த ஒதிலோ, கி.பி. 1000ஐ ஒட்டிய காலம். அதற்கு முந்தைய நாள் அனைத்துப் புனிதர் பெருவிழா, அதற்கும் முந்தைய இரவுதான் ஹாலோவீன். பிற்பாடு இங்கிலாந்தில் இந்த நாட்களில் ஏழைகளும் சிறுவர்களும் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் சின்னதாக ஒரு ரொட்டி கொடுப்பார், 'ஆன்மா ரொட்டி' என்று பெயர். வாங்கிக்கொண்டவர்கள் அந்த வீட்டில் இறந்துபோனவர்களுக்காக ஜெபம் சொல்வார்கள். உங்கள் மாமியார் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் இந்த வீடு வீடாகப் போவதும் ஒரு காலத்தில் ஒரே நம்பிக்கையின் இரண்டு பக்கங்கள். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்வார் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் கதை கொஞ்சம் வேறு. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குவதைக் குறிக்கும் சவின் என்ற கெல்டிக் விழா அங்கே கிறித்தவத்துக்கு முந்தியது. இறந்தவர்கள் இந்த உலகத்துக்கு வந்துபோகும் இரவு என்று நம்பினார்கள். ஸ்காட்லாந்துச் சிறுவர்கள் முகத்தில் கரி பூசி, பழைய துணி உடுத்தி, டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்த விளக்கோடு கிளம்புவார்கள். வாசலில் ஒரு பாட்டோ, செய்யுளோ, ஒரு நகைச்சுவைத் துணுக்கோ சொன்னால்தான் ஆப்பிளும் கொட்டைகளும் சில்லறையும் கிடைக்கும். 'கைசிங்' என்று அதற்குப் பெயர். இன்றும் அங்கே பல பெற்றோர் பிள்ளைக்கு ஏதாவது ஒரு துணுக்கைச் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். எடின்பரோவில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது நானே ஒரு குட்டி மந்திரவாதிக்குக் கதவு திறந்தேன். அவன் சொன்ன துணுக்கு அவனுடைய உச்சரிப்பில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. சிரித்துவைத்தேன். அவன் திருப்தியாக ஒரு சாக்லேட்டை எடுத்துக்கொண்டு போனான்.

இது கடல் கடந்து போன பிறகுதான் மாறியது. மிட்டாய் கொடு, இல்லாவிட்டால் குறும்பு செய்வோம் என்று சிறுவர்கள் வாசலில் நின்று மிரட்டுவதைப் பற்றிய பழைய செய்தித்தாள் குறிப்புகள் சில கனடாவைச் சேர்ந்தவை. ஆல்பர்ட்டாவின் பிளாக்கி என்ற சிற்றூரிலிருந்து 1927இல் வந்த செய்தி ஒன்று பிரபலம். (ஆக, அமெரிக்கச் சரக்கு என்று எல்லாரும் கரித்துக்கொட்டும் விஷயத்தில் கனடாவுக்கும் பங்கு உண்டு.) இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் சர்க்கரைக்கு ரேஷன். 1947இல் அது முடிந்ததும், பெருகிக்கொண்டிருந்த புறநகர்த் தெருக்களில், மிட்டாய்க் கம்பெனிகளின் விளம்பரத்தோடு இன்று நாம் பார்க்கும் ஹாலோவீன் நிலைபெற்றது. நாளடைவில் மிரட்டலும் வெறும் பேச்சாகிவிட்டது. இங்கிலாந்துக்காரன் ஜெபம் சொன்னான், ஸ்காட்லாந்துக்காரன் பாட்டுப் பாடினான். இப்போது பிள்ளை வாளியை நீட்டினால் போதும். உங்கள் மகன் முகத்தைப் பார்க்காமல் வாளியை நீட்டியபோது உங்களுக்கு உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன். வாங்குகிறவன் பதிலுக்கு எதுவும் தரவேண்டியதில்லை என்ற இடத்துக்கு இந்த வழக்கம் வந்து சேர்ந்திருக்கிறது.

பிச்சை என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்கள் மாமியார் தூத்துக்குடிக்காரர், குலசேகரன்பட்டினம் தசராவைப் பார்க்காமல் இருந்திருக்கமாட்டார். முத்தாரம்மனுக்கு மாலை போட்டுக்கொண்டு விரதம் இருந்து, காளியாகவும் ராஜாவாகவும் குரங்காகவும் போலீஸாகவும் வேஷம் கட்டி, ஊர் ஊராக மேளத்தோடு போய்த் தட்டேந்துகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உண்டு, சொந்தமாகக் கடை கண்ணி வைத்திருப்பவர்களும் உண்டு. கையேந்த வைப்பதே அந்த நேர்த்திக்கடனின் பாதி. வாங்கியது கோயில் உண்டியலுக்குப் போய்விடும், வீட்டுக்கு வராது. அந்தக் காளி வாசலில் வந்து நின்றால் யாரும் பிச்சைக்காரன் என்று சொல்வதில்லை, காசு போட்டுவிட்டுக் கும்பிடுகிறார்கள். வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை என்பது நம் தென்கோடிக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அங்கே கேட்கிறவன் விரதத்தைக் கொடுக்கிறான், ஆட்டத்தைக் கொடுக்கிறான், கிடைத்ததை அம்மனுக்குக் கொடுக்கிறான். மாமியாருக்குக் குமட்டுவது கேட்பதாக இருக்காது, சும்மா கேட்பதாக இருக்கலாம்.

சரி, கதவைச் சாத்திய பெரியவர். வரலாறு அவருக்குச் சாதகமாக இல்லை. பிரிட்டனிலும் இதே புலம்பலைக் கேட்கலாம்: அமெரிக்காவிலிருந்து இறக்குமதி, பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று. அப்படிச் சொல்கிறவர்களில் பலர் தங்கள் சிறு வயதில் வைக்கோல் பொம்மை ஒன்றைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தெருவில் போகிறவர்களிடம் பென்னி கேட்டவர்கள். 1605இல் நாடாளுமன்றத்துக்கு வெடிவைக்க முயன்று பிடிபட்ட கை ஃபாக்ஸின் பொம்மை அது. நவம்பர் 5 அன்று எரிப்பார்கள். ஆஸ்திரேலியாவிலும் அந்த வழக்கம் இருந்தது. உங்கள் தெருப் பெரியவரும் கால்சட்டைப் பருவத்தில் அப்படிக் காசு கேட்டிருக்கலாம், யார் கண்டது.

ஆனால் வாசல் அவருடையது. அமெரிக்கப் புறநகரில் இந்த வழக்கம் உரசல் இல்லாமல் நடப்பதற்குக் காரணம் இரண்டு மூன்று தலைமுறையாக எல்லாருக்கும் விதி தெரியும். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். கனடாவிலும் அப்படித்தான். 2019இல் கடும் மழையும் காற்றும் வரப்போகிறது என்று மாண்ட்ரியல் நகராட்சி ஹாலோவீனை ஒரு நாள் தள்ளிவைத்தது. ஊர் முழுக்க ஒப்புக்கொண்ட ஒன்றைத்தானே தேதி மாற்றிவைக்க முடியும்?

மெல்பர்னில் பாதித் தெருவுக்குத்தான் இந்த விதி தெரியும். தெரிந்தாலும் பயன்படாது. அக்டோபர் கடைசியில் உங்களுக்கு வசந்தகாலம், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளிவைக்கும் கோடை நேரமும் தொடங்கிவிட்டிருக்கும். சூரியன் மறையவே மணி எட்டாகிறது. ஐந்து மணி வெயிலில் பேய்கள் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு கிளம்பும் ஊரில் எந்த வீட்டு வாசல் விளக்கு எரியும்? அதனால்தான் அங்கே பல தெருக்களில் தபால்பெட்டியில் பலூன் கட்டுவதும், வேலியில் சிலந்திவலை மாட்டுவதும் அழைப்பாகிவிட்டன. அப்படி அடையாளம் வைத்திருக்கிற வீட்டை மட்டும் தட்டுங்கள். பெயர் தெரிந்த, பார்த்தால் பேசுகிற அண்டைவீட்டார் என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மற்ற கதவுகளைத் தாண்டிப் போங்கள். அந்தப் பெரியவர் மீது கோபப்பட ஒன்றும் இல்லை என்பதை மகளுக்கும் சொல்லுங்கள். அவர் மிட்டாயை மறுத்தார், அவளை மறுக்கவில்லை. ஒன்பது வயதில் இது விளங்கும்.

வியாபாரம் பற்றிய எரிச்சல் எனக்கும் உண்டு. ஜெர்மனியில் 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரை முன்னிட்டு, வேஷம் கட்டிக்கொண்டு போகும் கார்னிவல் ஊர்வலங்களை ரத்து செய்தார்கள். வேஷ உடை விற்கிற தொழில் அடிவாங்கியது. அதற்குப் பிறகுதான் ஹாலோவீனை அங்கே தீவிரமாக முன்னிறுத்தினார்கள். அதே அக்டோபர் 31 அங்கே கிறித்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1517இல் தன் 95 கருத்துகளை வெளியிட்டதை நினைவுகூரும் நாள், பல மாநிலங்களில் அரசு விடுமுறை. அந்த ஊர்ப் பெற்றோர் படும் பாடும் உங்கள் பாடுதான். ஸ்வீடன், ஃபின்லாந்துப் பெற்றோருக்கு இந்தச் சங்கடம் கொஞ்சம் குறைவாக இருக்கவேண்டும். அங்கே பிள்ளைகள் ஈஸ்டரை ஒட்டிச் சூனியக்காரி வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவது பழைய வழக்கம். ஃபின்லாந்தில் அலங்கரித்த வில்லோ மரக் குச்சியை அசைத்து வாழ்த்துப் பாட்டுச் சொல்லி, குச்சியைக் கொடுத்துவிட்டுத்தான் மிட்டாய் வாங்குகிறார்கள். அங்கேயும் கை மாறுகிறது பாருங்கள்.

உங்கள் கணவரின் பயத்தை ஒரு அமெரிக்கச் சமூகவியலாளர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். ஜோயல் பெஸ்ட் என்று பெயர். முன்பின் தெரியாதவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாகவோ படுகாயம் அடைந்ததாகவோ உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சஸில் ஒரு சிறுவன் சயனைடு கலந்த மிட்டாயால் இறந்தது உண்மை. கலந்தது அவனுடைய சொந்த அப்பா, காப்பீட்டுப் பணத்துக்காக. உண்மையான ஆபத்து கார். 1975 முதல் 2016 வரையிலான அமெரிக்க விபத்துப் பதிவுகளை அலசிய ஓர் ஆய்வு, ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்றது. அங்கே இருட்டு, உங்களுக்கு வெளிச்சம்; இருந்தாலும் முகமூடி போட்ட ஐந்து வயதுக்காரனுக்குப் பக்கவாட்டில் எதுவும் தெரியாது. முகமூடி வேண்டாம், முகத்தில் சாயம் போதும். கணவர் மிட்டாயை ஆராய்வதைவிட மகன் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது உபயோகமான வேலை.

அப்புறம் அந்தக் கொடுக்கல் வாங்கல். இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று சொல்லிக்கொடுங்கள். மகளுக்கு ஒரு பாட்டு, எந்த மொழியாக இருந்தால் என்ன. மகனுக்கு ஒரு விடுகதை போதும், தப்பாகச் சொன்னால் இன்னும் நல்லது. விடை சொல்ல எதிராளி தடுமாறும்போது அவன் தானாகவே அந்த முகத்தைப் பார்ப்பான். நன்றி சொல்லு என்று முதுகில் தட்டிக்கொண்டே இருக்கவேண்டிய வேலையும் மிச்சம்.

இன்னொரு விஷயம், இதில்தான் பல பெற்றோர் கோட்டைவிடுகிறார்கள். பத்து வீட்டில் வாங்கிக்கொண்டு நம் வீட்டை இருட்டாகப் பூட்டிவைப்பது நியாயமில்லை. பலூன் கட்டுங்கள், மாமியாரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். வருகிற ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது பாடினால்தான் மிட்டாய் என்று அவர் சட்டம் போட்டால் போடட்டும். அவருக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைகள் சமாளித்துக்கொள்வார்கள். நவம்பர் 2 அன்று அவரோடு நீங்கள் எல்லாரும் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். ஒன்று இருந்தால் இன்னொன்று கூடாது என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஊரிலிருந்து கொண்டுவந்த பலகாரத்தை அவர் எடுத்துக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்பர்னில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் ஒரு வயதுக் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் உணவு ஒவ்வாமை இருந்தது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை எந்த வேஷத்துக்குள் இருக்கும் என்று சொல்லமுடியாது. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிட்ட பொட்டலமாக வாங்கி வையுங்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வந்திருந்தால் அதை நீங்களே சாப்பிட்டுவிடுங்கள்.