எந்தத் தாளில் போட்ட கையெழுத்து?

கேள்வி: புலிகள் காப்பகத்துக்குள் வசிக்கும் பழங்குடிகள், வெளியேறச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் மறுக்கிறார்களே, இது நியாயமா?

பதில்: கையெழுத்துப் போட்டார்கள், சரி. எந்தத் தாளில்? கூட்டத்துக்கு வந்ததற்குப் பதிவேட்டில் போட்டதா, டீ பிஸ்கட் கணக்குக்குப் போட்டதா? பக்கத்தின் மேல்பாதியை வெற்றாக விட்டு, கீழே வரிசையாக வாங்கிக்கொண்டால் போதும். மேலே தெருவிளக்கு வேண்டும் என்றும் எழுதலாம், ஊரையே காலி செய்கிறோம் என்றும் எழுதலாம். கைநாட்டு என்றால் இன்னும் சௌகரியம். கட்டைவிரலுக்குப் படிக்கத் தெரியாது.

2006ல் வந்த வன உரிமைச் சட்டத்தின் 4(2) பிரிவும், வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் அதே ஆண்டு சேர்த்த 38வி (38V) பிரிவும் ஏறக்குறைய ஒரே வரிசையைச் சொல்கின்றன. முதலில் அவர்களுடைய உரிமைகளை விசாரித்து அங்கீகரிக்க வேண்டும். அவர்கள் அங்கே இருப்பதால் காட்டுக்கு மீளாத சேதம், சேர்ந்து வாழ வேறு வழியே இல்லை என்று நிறுவ வேண்டும். மறுகுடியமர்வுத் திட்டத்தைக் காட்டி, கிராமசபையின் சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும். போகிற இடத்தில் நிலமும் வசதிகளும் தயாரான பிறகுதான் மூட்டை கட்டச் சொல்லலாம். நடைமுறையில் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து நேரே சம்மதத்துக்கு வந்துவிடுகிறார்கள். உரிமை பதிவாகாதவர் காகிதத்தில் ஆக்கிரமிப்பாளர்தானே? ஆக்கிரமிப்பாளரோடு யார் பேரம் பேசுவார்கள்?

கூட்டத்துக்கும் கணக்கு உண்டு. வன உரிமைச் சட்டத்தின் 2012 திருத்த விதிகளின்படி கிராமசபை உறுப்பினர்களில் பாதிப்பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். எல்லாரும் வேலைக்குப் போயிருக்கும் பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் அந்தக் கணக்கு எப்படித் தேறும்? இன்னொரு சூட்சுமம், குக்கிராமத்தில் கூட்ட வேண்டிய சபையை ஊராட்சி முழுவதுக்குமாகக் கூட்டுவது. காட்டுக்குள் இருக்கும் நாற்பது வீட்டின் தலைவிதிக்கு, காட்டையே பார்க்காத நானூறு பேர் கை தூக்குவார்கள்.

கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தீர்மானத்தை உங்கள் மொழியில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வெற்று வரிகளைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு, கடைசி வரியை ஒட்டிக் கையெழுத்துப் போடுங்கள். கலைவதற்கு முன் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கக் கூடாது என்று யாராவது முன்கூட்டியே சொன்னால், பேனாவையே திறக்காதீர்கள்.

பணம்? வெளியேறுகிற குடும்பத்துக்குப் பத்து லட்சமாக இருந்தது 2021ல் பதினைந்து லட்சம் ஆனது. சண்டை தொகையில் இல்லை, 'குடும்பம்' யார் என்பதில். 18 வயது நிரம்பிய மகன், கல்யாணம் ஆகாவிட்டாலும் தனிக் குடும்பம். கணக்கெடுப்பு ஒரு வருஷம், பணம் பல வருஷம் கழித்து என்றால், இடையில் பதினெட்டைத் தாண்டிய பிள்ளை எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டான். இதை 'தன்னார்வ இடப்பெயர்வு' என்று எழுதுகிறவர்களோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய தகராறு. அது இன்னும் தீரவில்லை.

மனிதன் இருந்தால் புலி ஓடிவிடும் என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். கர்நாடகத்தில் உள்ள பிலிகிரி ரங்கன் மலை 2011ல் புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அங்குள்ள சோலிகர் பழங்குடிகளுக்கு, காட்டை ஊராகச் சேர்ந்து பயன்படுத்திக் காக்கும் சமூக வன உரிமையும் கிடைத்தது. புலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அங்கே காட்டை அமுக்கிக்கொண்டிருப்பது உண்ணிச்செடி. கோடை முற்றும் முன் சருகுக்குத் தாங்கள் வைத்த சிறு தீயை நிறுத்தியதால்தான் அது மண்டியது என்கிறார்கள் சோலிகர்கள். தோட்டத்து அழகுக்காக வெளிநாட்டிலிருந்து வந்த செடி அது. அதை வெளியேற்ற எத்தனை லட்சம் என்று யாராவது கேட்டு எழுதுங்கள், இதைவிட நீளமாகப் பதில் சொல்கிறேன்.