ஒரே நாளில் ஒரு தீவு: கடற்கரை முதலா, காட்டுப்பாதை முதலா?

கேள்வி: கையில் இருப்பது ஒரே ஒரு பகல். வெப்பமண்டலத் தீவு ஒன்றில் கடற்கரை, காட்டுப்பாதை இரண்டையும் பார்க்க எப்படித் திட்டமிடுவது?

பலர் வரைபடத்தைத் திறந்து, எது பக்கம் என்று பார்த்து வரிசை போடுவார்கள். நான் முதலில் பார்ப்பது அன்றைய கடல் ஏற்றவற்ற நேரத்தை. தூரம் அதற்கு அப்புறம்தான்.

காரணம் எளிது. பவளத்திட்டு சூழ்ந்த கரையில் நீர் வற்றியிருக்கும்போது நீந்தப் போனால் முழங்கால் ஆழம்கூடக் கிடைக்காது. பவளத்தில் உரசிக் கால் கிழியும், பவளமும் உடையும். ஆனால் கரையோரம் நடக்கவும் பாறைக் குழிகளை எட்டிப் பார்க்கவும் அந்த நேரத்தை விட்டால் வேறு நேரம் இல்லை. நீந்தவும் மீன் பார்க்கவும் நீர் ஏறியிருக்க வேண்டும். பெரும்பாலான கடல்களில் வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அந்த இடைவெளியில்தான் காட்டுப்பாதையைச் செருக வேண்டும். காலை எட்டுக்கு வற்றம் என்றால் வேலை சுலபம்: எட்டுக்கு மணலில் நடை, பிறகு காடு, இரண்டு மணிவாக்கில் நீச்சல். நண்பகலில் வற்றம் என்றால் விடிந்ததும் காட்டுக்குள் போய்விடுங்கள். பறவைகளும் அப்போதுதான் கண்ணில் படும். நேற்றைய நேரத்தை நம்பிப் போகாதீர்கள், தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். கரீபியன் தீவுகள் பலவற்றில் ஏற்றவற்ற வித்தியாசம் அரை மீட்டருக்குள் அடங்கிவிடும். அங்கே இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வற்றக் கரையில் நான் அதிக நேரம் தொலைப்பது நண்டுகளிடம். இந்தியப் பெருங்கடல், மேற்குப் பசிபிக் கரைகளில் விரல்நக அளவே உள்ள ஒரு நண்டு இருக்கிறது. நீர் இறங்கியதும் வளையிலிருந்து வெளியே வந்து, மணலை வாயில் அள்ளி, அதில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களைத் தின்றுவிட்டு, மிச்ச மணலைச் சின்ன உருண்டையாக உருட்டிப் பின்னால் தள்ளும். உருண்டைகள் வளையைச் சுற்றிக் கதிர்போல வரிசைகட்டும். ஆபத்து வந்தால் ஓடிவர நடுவே ஒரு பாதையை மட்டும் காலியாக விட்டிருக்கும். உங்கள் நிழல் பட்டால் அத்தனையும் ஒரே நொடியில் காணாமல் போகும். அசையாமல் உட்காருங்கள், ஒவ்வொன்றாகத் திரும்ப வரும். அடுத்த ஏற்றத்தில் மொத்தக் கோலமும் அழிந்துவிடும், அது வேறு விஷயம்.

அழகாக இருக்கிறதே என்று கூம்பு வடிவச் சங்கை மட்டும் கையில் எடுக்காதீர்கள். உள்ளே உயிர் இருந்தால் ஊசிபோன்ற பல்லால் குத்தும். சில இனங்களின் நஞ்சு ஆளையே கொல்லும்.

எந்தக் கரைக்குப் போவது என்பதைக் காற்று முடிவு செய்யும். வணிகக்காற்று (ஆண்டின் பெரும்பகுதி ஒரே திசையில் வீசும் காற்று) கிழக்கிலிருந்து வீசும் தீவுகளில் கிழக்குப் பக்கம் மழையும் அலையும், மேற்குப் பக்கம் வெயிலும் அமைதியும். ஹவாயின் பெரிய தீவில் கிழக்கே ஹீலோவில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். மேற்குக் கரையின் சில இடங்களில் 300 மில்லிமீட்டர் பெய்தாலே அதிகம். ஆகவே பச்சைக் காடு ஒரு பக்கம், நீந்தும் கரை மறுபக்கம் என்றுதான் அமையும். பருவக்காற்று வீசும் பகுதிகளில் இந்தக் கணக்கு பருவத்துக்குப் பருவம் புரளும்.

அலையடிக்கும் கரையில் ஒரு எச்சரிக்கை. இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் சாதுவாகத் தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். கரைக்கு வந்த நீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்த பிறகு கரையைப் பாருங்கள்.

காட்டுப்பாதைக்கு வருவோம். ஈர வேரும் சிவப்பு மண்ணும் வழுக்கும், செருப்போடு போகாதீர்கள். கரீபியன் பக்கம் என்றால் கடலோர மான்சினீல் மரத்தைத் தெரிந்து வையுங்கள்: பழம் சிறிய பச்சை ஆப்பிள் மாதிரி, பாலோ நஞ்சு. மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் சொட்டும் நீர் பட்டே தோல் கொப்பளிக்கும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டி வைத்திருப்பார்கள்.

பாதையில் எவ்வளவு தூரம் போவது என்று முடிவு செய்யாமல், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முடிவு செய்யுங்கள். நிலநடுக்கோட்டருகே சூரியன் கிட்டத்தட்ட நேர்க்குத்தாக இறங்கும், அந்தி வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும். மரங்களுக்கு அடியில் அதுவும் கிடையாது. சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே நான் காட்டை விட்டு வெளியே வந்துவிடுவேன், சிகரம் கண்ணுக்கு எதிரே இருந்தாலும் சரி. படகில் திரும்ப வேண்டுமென்றால் கடைசிப் படகின் நேரத்தைக் காலையில் இறங்கும்போதே படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாலையில் காற்று ஏறினால் அதையும் முன்னதாக எடுத்துவிடுவார்கள்.