செவுள் சிவப்பாக இருந்தால் போதுமா?

கேள்வி: கடலோர ஊருக்கு மாற்றலாகி வந்திருக்கிறோம். மீன் கடை பக்கத்திலேயே இருக்கிறது. கடைக்காரர் செவுளைத் தூக்கிக் காட்டுகிறார், சிவப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்து வெட்டினால் கவுச்சி தாங்கவில்லை. எதைப் பார்த்து வாங்குவது?
– ஒரு வாசகி

பதில்: அடுத்த முறை செவுளைத் தூக்கிக் காட்டும்போது குனிந்து மோந்து பாருங்கள். நான் கண்ணைவிட மூக்கைத்தான் நம்புவேன். அன்றைக்குப் பிடித்த மீனில் கவுச்சி வராது. கடல் தண்ணீர் வாசம்தான் வரும். கடல் மீனின் சதையில் ட்ரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருள் இயல்பாகவே உண்டு. அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை ட்ரைமெத்திலமைனாக மாற்றுகிறது, அதுதான் கவுச்சி. வாடை ஏற ஏற மீனுக்கு வயது ஏறிவிட்டது என்று அர்த்தம்.

செவுளில் சாயம் பூசியிருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால், ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கூடவே அங்குள்ள வழவழப்பையும் கவனியுங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. வெள்ளையாகத் திரண்டு பிசுபிசுத்தால் வேண்டாம்.

வெட்டும்போது வாடை வந்தது என்கிறீர்களே, எனக்கு வயிற்றின் மேல்தான் சந்தேகம். மீன் செத்த பிறகும் குடலில் இருக்கும் செரிமான நொதிகள் சும்மா இருப்பதில்லை, உள்ளிருந்தே வயிற்றுச் சதையை அரிக்கும். மத்தி மாதிரி சின்ன மீன்களில் வயிறே வெடித்துவிடும். அதனால் முதுகை அமுக்கிப் பார்த்துவிட்டு விடாதீர்கள். அடிவயிற்றில் விரலை வையுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் கீழே வைத்துவிடுங்கள். தலையைப் பிடித்துத் தூக்கும்போது வால் தொங்காமல் விறைப்பாக நீட்டிக்கொண்டு நின்றால், தயங்காமல் வாங்கலாம். கண் மட்டும் மங்கியிருந்தால் ஒதுக்க வேண்டியதில்லை, ஐஸ் நேரடியாகப் பட்டாலும் கண் வெளுக்கும்.

இன்னொன்று, கடலோரத்தில் விற்பதெல்லாம் அன்றைய மீன் என்று எண்ண வேண்டாம். காலையில் போய் மதியம் திரும்பும் படகும் உண்டு, பல நாள் கடலில் தங்கி வரும் விசைப்படகும் உண்டு, வெளியூரிலிருந்து லாரியில் வருவதும் உண்டு. "எந்தப் படகு, எப்போ வந்தது?" என்று தயங்காமல் கேளுங்கள். பல நாள் மீன் என்பதாலேயே மோசம் என்று சொல்ல மாட்டேன். பிடித்தவுடன் ஐஸில் புதைத்த மீன், வெயிலில் அரைநாள் கிடந்த இன்றைய மீனைவிட மேல். ஐஸ் மேலேயும் கீழேயும் இருக்க வேண்டும். ஐஸ்மேல் சும்மா பரப்பி வைத்திருந்தால் மேல்பக்கம் குளிராது, தொட்டாலே தெரியும்.

மத்தி, அயிலை, சூரை வாங்கும்போது இதில் கண்டிப்பாக இருங்கள். குளிர் விட்டுப்போனால் இவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். சாப்பிட்டதும் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு அரிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. மணக்க மணக்க மசாலா போட்டும் பயனில்லை.

'இந்த மீன்தான் வேண்டும்' என்று தீர்மானித்துக்கொண்டு போகாதீர்கள். அன்றைக்கு எது நன்றாக இருக்கிறதோ அதை வாங்கி, என்ன சமைப்பது என்று அப்புறம் யோசியுங்கள்.

கேள்வி: இறால் தலை கறுத்திருந்தால் கெட்டுவிட்டதா? நண்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– இன்னொரு வாசகர்

பதில்: கறுப்பு என்பது ஓட்டில் உள்ள ஒரு நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை. புதிதல்ல என்று தெரிந்துகொள்ளலாம், அதை மட்டும் வைத்துக் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. தலை ஆடினாலோ, ஓடு வழுக்கினாலோ, அமோனியா நெடி அடித்தாலோ வேண்டாம். நண்டு உயிரோடு கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஒரே அளவில் இரண்டை எடுத்துக் கனம் பாருங்கள். லேசாக இருப்பது சமீபத்தில் ஓடு மாற்றியதாக இருக்கலாம், உள்ளே சதையைவிடத் தண்ணீர்தான் அதிகம் இருக்கும். அடியில் முட்டை ஒட்டியிருக்கும் நண்டை வாங்காதீர்கள், அது கடலிலேயே இருக்கட்டும்.