வெள்ளிக்கிழமை அம்மாவைக் குளிப்பாட்டுவது யார்?

கேள்வி: ஆறு வருடங்களுக்கு முன்பு இரட்சிக்கப்பட்டேன். என் கணவர் பரம்பரைக் கிறிஸ்தவர். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலுக்குப் போவார், ஜெபிக்கவே மாட்டார். ஆவிக்குரிய கண்கள் குருடாகிக் கிடக்கிறார். எங்கள் சபையின் ஜெபக் குறிப்பில் அவர் பெயரைக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிதோறும் உபவாச ஜெபத்தில் அவருக்காக அழுகிறேன். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் தன் அம்மாவைக் குளிப்பாட்டிக் கஞ்சி கொடுக்க வேண்டும் என்று அன்றைக்குக் கடையையே மத்தியானத்துக்கு மேல்தான் திறக்கிறார், அதில் வருமானமும் போகிறது. அவர் கண்கள் திறக்க நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்?
- ஒரு சகோதரி, பசுமலை, மதுரை

பதில்: சகோதரி, கணவருக்குக் கண் திறக்கவில்லை என்று அழுகிற கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ‘சோர்ந்து போகாதீர்கள், உங்கள் கண்ணீர் வீண் போகாது’ என்று பதில் வரும் என நினைத்திருப்பீர்கள். அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. வருமானக் கணக்கோடு சேர்த்து, போகிற போக்கில் வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

பக்கவாதத்தில் படுத்தவரைக் குளிப்பாட்டுவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. செயலற்ற கையைத் தூக்கிப் பிடித்து அக்குளைத் துடைக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகில் புண் வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரத் துணியை மாற்ற வேண்டும். புரையேறாமல் இருக்க நிமிர்த்தி உட்கார வைத்து, விழுங்கிவிட்டாரா என்று பார்த்துப் பார்த்துக் கஞ்சியைக் கொடுக்க வேண்டும். இத்தனையையும் ஒரு மகன் தாய்க்குச் செய்கிறார். நம் பக்கத்தில் பெற்ற மகன் முன்னால் சேலை விலகினால் எந்தத் தாயும் கூசிப்போவாள். உங்கள் மாமியார் அந்தக் கூச்சத்தை எப்படித் தாங்குகிறாரோ, நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் அவருடைய மகனின் ஆத்துமாவுக்காக வேறோர் இடத்தில் அழுதுகொண்டிருக்கிறீர்கள்.

மற்ற ஆறு நாளும் நீங்கள்தான் செய்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் செய்கிற ஒரு நாளை வருமான நஷ்டம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பெற்றவளுக்காகக் கடையைப் பூட்டி வைக்கிற மனிதரிடம் ஒரு துளி வெளிச்சம்கூட உங்களுக்குத் தெரியவில்லையா? அவர் ஜெபிக்கவே மாட்டார் என்கிறீர்கள். அம்மாவும் மகனும் தனியாக இருக்கிற அந்த நேரத்தில் அவர் வாய் என்ன முணுமுணுக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்போதுதான் நீங்கள் வீட்டில் இருப்பதில்லையே.

யோவான் 9ஆம் அதிகாரத்தை எடுங்கள். பிறவிக் குருடன் சீலோவாம் குளத்தில் கழுவிப் பார்வை பெற்றது உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். கடைசி வசனங்களை நிறுத்திப் படியுங்கள். ‘நாங்களும் குருடரோ’ என்று அங்கே கேட்கிறவர்கள் வேதத்தைக் கரைத்துக் குடித்த பரிசேயர்கள். லூக்கா 18இல் வருகிற பரிசேயன் வாரத்தில் இரண்டு தரம் உபவாசம் இருந்தவன், உங்களைவிட ஒரு நாள் அதிகம். யோவானில் கேட்ட அந்தப் பரிசேயர்களுக்கு இயேசு சொன்ன பதில்: ‘நீங்கள் குருடராயிருந்தால் உங்களுக்குப் பாவமிராது, நீங்கள் காண்கிறோம் என்று சொல்லுகிறபடியினால் உங்கள் பாவம் நிலைநிற்கிறது.’ பார்வை இல்லாததை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. எங்களுக்கு எல்லாம் தெரிகிறது என்று அவர்கள் சாதித்ததைத்தான் சொன்னார். பார்வை பெற்றவனிடமே ‘நீ எங்களுக்குப் போதிக்கிறாயோ’ என்று சீறி, அவனைப் புறம்பே தள்ளியவர்கள் அவர்கள். உங்கள் கணவரிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிட்ட நீங்களும் அந்த வரிசையில்தான் போய் நிற்கிறீர்கள்.

உபவாசம் தப்பு என்று நான் சொல்லவில்லை. நானும் இருக்கிறேன். ஆனால் கர்த்தருக்கு உகந்த உபவாசம் எது என்று ஏசாயா 58 சொல்லும்போது, ‘உன் மாம்சமானவனுக்கு உன்னை ஒளிக்காமலிருக்கிறது’, அதாவது சொந்த உறவைக் கண்டு ஒதுங்கிப் போகாமல் இருப்பது, என்றும் சேர்த்துச் சொல்கிறது. அப்புறம் மாற்கு 7. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் ‘கொர்பான்’, தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கியவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்! வெள்ளிக்கிழமைக் காலை உங்கள் மாமியாருக்குச் சேர வேண்டியது. அதைக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு போக உங்களுக்கு உரிமை இல்லை. வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது விசுவாசத்துக்கு இடைஞ்சல் என்று யார் சொன்னாலும், அது கிறிஸ்தவம் இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

‘பரம்பரைக் கிறிஸ்தவர்’ என்று இளக்காரமாக எழுதியிருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. 1834இல் மதுரையில் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷன், ஜெபக்கூட்டத்தோடு நின்றுவிடவில்லை. பள்ளிக்கூடங்களைக் கட்டியது, ஆஸ்பத்திரி கட்டியது. நோயாளியின் உடம்பைத் தொட்டுப் பணிவிடை செய்வதும் விசுவாசம் என்று இந்த ஊர் அப்படித்தான் கற்றது. உங்கள் கணவர் வசனம் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பாடம் அவர் கையில் இருக்கிறது.

சரி, என்ன செய்வது என்று கேட்டீர்கள். பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசு தொட்டு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார். மனிதர்கள் மரங்களைப் போலத் தெரிகிறார்கள் என்று அவன் உள்ளதைச் சொன்னான். அதற்கப்புறம்தான் இரண்டாவது தடவை தொட்டார், எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஆறு வருட விசுவாசி நீங்கள். எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

சபையின் ஜெபக் குறிப்பிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைக் கொடுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை வீட்டில் இருங்கள். அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு நீங்களே அம்மாவைக் குளிப்பாட்டுங்கள். முடிந்ததும் அந்த அம்மாவின் நல்ல கையை எடுத்து உங்கள் தலையில் வைத்து, எனக்காக ஜெபம் பண்ணுங்கள் அத்தை என்று கேளுங்கள். பேச்சு குழறினாலும் பரவாயில்லை. கணவர் ஏன் என்று கேட்டால், ‘நீங்கள் செய்துகொண்டிருந்ததை இத்தனை நாள் நான் பார்க்கவில்லை’ என்று சொல்லுங்கள், வசனம் எதுவும் சேர்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இதைச் சாட்சியாகவும் சொல்லாதீர்கள். ஏன் வரவில்லை என்று பாஸ்டர் ஐயா கேட்டால், மாமியாரைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது என்றால் போதும். அதற்கு மேலும் அவர் விளக்கம் கேட்டால், ஏசாயா 58ஐ எடுத்து அவர் கையில் கொடுங்கள்.