பெயரைக் கேட்காமல் ஊசி போட வந்தால்?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரை நோய் உண்டு. இதயத் துடிப்பு சீராக இல்லாததால், ரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை சாப்பிடுகிறார். அடுத்த மாதம் வலது கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. போன வருடம் எங்கள் உறவினர் ஒருவருக்குப் பக்கத்துப் படுக்கைக்காரரின் ஊசியைப் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து பயமாகவே இருக்கிறது. கூட இருக்கப்போகிற நான் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ?

பதில்: மருந்து உள்ளே போவதற்கு முன் "இது என்ன மருந்து, எதற்கு, எவ்வளவு?" என்று கேட்பதில் தவறே இல்லை. நல்ல நர்ஸ் அதை வரவேற்பார். முகம் சுளிப்பவர்கூட இன்னொரு முறை கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே!

உங்கள் உறவினருக்கு நடந்தது போன்ற தவறு பெரும்பாலும் படுக்கை எண்ணை நம்புவதால் வருகிறது. நோயாளியைப் படுக்கை மாற்றியிருப்பார்கள், எண் மட்டும் பழையபடி மனதில் நிற்கும். பெயர், பிறந்த தேதி அல்லது மருத்துவமனைப் பதிவு எண் என்று இரண்டு அடையாளங்களைக் கைப்பட்டையோடு ஒப்பிட வேண்டும் என்பது விதி. "நீங்கதானே சரோஜா?" என்று கேட்டால் மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். "உங்க பேர் சொல்லுங்க" என்றுதான் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே பெயரைச் சொல்லி, கைப்பட்டையைக் காட்டுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரம்தான் உங்கள் அம்மா விஷயத்தில் முக்கியமானது. ஒரே தாளில் அவர் சாப்பிடும் எல்லா மருந்தையும் எழுதுங்கள்: பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, கடைசியாக எப்போது சாப்பிட்டார். கண் சொட்டு மருந்து, மூலிகை மருந்து, கடையில் தானாக வாங்கிய வலி மாத்திரை எல்லாம் அதில் வர வேண்டும். 'பென்சிலின் அலர்ஜி' என்று மட்டும் எழுதினால் போதாது. அப்போது தடிப்பு வந்ததா, மூச்சுத் திணறியதா, வெறும் வயிற்றுப்போக்கா என்பதையும் எழுதுங்கள்.

அந்தத் தாளைக் காட்டி அறுவை சிகிச்சை நிபுணரிடமும் மயக்க மருந்து நிபுணரிடமும் எதை என்றைக்கு நிறுத்துவது, என்றைக்குத் திரும்பத் தொடங்குவது என்று எழுதி வாங்குங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுவது வார்ஃபரின் என்றால் வழக்கமாக 5 நாள் முன்பே நிறுத்துவார்கள். அதே வேலையைச் செய்யும் புதிய வகை மாத்திரைகளுக்குச் சிறுநீரகத்தின் நிலையைப் பொறுத்து நாள் கணக்கு மாறும். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிட்டால் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு. பட்டினி இருக்கும்போது இவை ரத்தத்தில் அமிலத்தை ஏற்றிவிடலாம், அதுவும் சர்க்கரை அளவு அவ்வளவாக ஏறாமலே. அதனால் கண்டுபிடிப்பது தாமதமாகிறது. எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அறுவை சிகிச்சை அன்று பார்க்க வேண்டியவை குறைவு. ஒப்புதல் படிவத்தில் 'வலது' என்று இருக்கிறதா பாருங்கள். அம்மா விழித்திருக்கும்போதே அந்தக் காலில் பேனாவால் குறியிட்டார்களா என்றும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புக்காக 2008-ல் கொண்டுவந்த 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலைப் பயன்படுத்துகிறீர்களா என்று தாராளமாகக் கேட்கலாம்.

வார்டுக்கு வந்த பிறகு இன்சுலினில் கண் வையுங்கள். '4U' என்று கிறுக்கலாக எழுதினால் 40 என்று படித்துவிடும் ஆபத்து உண்டு. 'யூனிட்' என்று முழுதாக எழுதச் சொல்வது அதனால்தான். மி.லி.க்கு 100 யூனிட் உள்ள மருந்தை, மி.லி.க்கு 40 யூனிட் என்று அளவு குறித்த சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். குப்பியிலும் சிரிஞ்சிலும் ஒரே எண் இருக்க வேண்டும். சாப்பாடு தாமதமானால், ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

நோயாளியே பொத்தானை அழுத்தி வலி மருந்து ஏற்றிக்கொள்ளும் பம்ப் பொருத்தினால், பாசத்தில்கூட நீங்கள் அழுத்தாதீர்கள். தூக்கம் கவ்வியவரால் அழுத்த முடியாது என்பதுதான் அதிலுள்ள பாதுகாப்பே. எழுப்பினாலும் கண் திறக்கவில்லை, புதிதாகக் குறட்டை வருகிறது, நிமிடத்துக்கு மூச்சு 10-க்குக் கீழே போகிறது என்றால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள். ஆக்சிஜன் குழாய் இருக்கும்போது விரலில் மாட்டிய கருவி 97, 98 என்றே காட்டிக்கொண்டிருக்கலாம், அதை நம்பி உட்கார வேண்டாம். திடீர் மூச்சிரைப்பு, கெண்டைக்காலில் வீக்கம் அல்லது வலி என்றாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள், நாள் கூடக்கூடத் தொற்றும் கூடும்.

அப்படியும் தவறு நடந்துவிட்டால், சண்டைக்கு முன் மூன்று விஷயம்: எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்குப் போனது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டூட்டி டாக்டர் நேரில் வந்து பார்க்க வேண்டும். அடுத்த சில மணி நேரம் எதைக் கண்காணிக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். பதிவுகளின் நகலுக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: எல்லாம் முறையாகச் செய்தும் தொற்று வரலாம், அது அலட்சியம் ஆகாது. காய்ச்சலும் சீழும் தெரிந்தும் இரண்டு நாள் யாரும் கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை என்றால் விளக்கம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

டிஸ்சார்ஜ் அன்று உங்கள் பழைய தாளையும் புதிய மருந்துச் சீட்டையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் 'தொடரலாம், நிறுத்து, அளவு மாற்றம்' என்று குறித்து வாங்குங்கள். ரத்தம் உறையாமைக்கான பழைய மாத்திரையை எந்தத் தேதியில் தொடங்குவது என்பது அந்தச் சீட்டில் இல்லையென்றால் வார்டை விட்டுக் கிளம்பாதீர்கள். மறுபடி தொடங்க மறந்தால் பக்கவாதம் வரும் ஆபத்து உண்டு. மருத்துவமனையில் போட்ட உறைவுத் தடுப்பு ஊசியோடு சேர்த்துத் தெரியாமல் இரண்டையும் எடுத்தால் ரத்தக்கசிவு வரலாம்.